புல்லி

பாளையங்கோட்டையில் சித்திரை வெயில்
மின்விசிறிக்குக் கீழேதான் அதிகம்.
தாவரவியல். நாற்பதாவது விடைத்தாள்.
பெயரைக் கிழித்திருந்தார்கள்,
ஊரைக் கிழித்திருந்தார்கள்.
இடப்பக்கம் சாயும் கையெழுத்து மட்டும் மிச்சம்.

புல்லி வட்டம்: குறிப்பு வரைக. இரண்டு மதிப்பெண்.
விடைக்குறிப்பு சொல்வது: பூவின் வெளி அடுக்கு,
பெரும்பாலும் பச்சை, மொட்டைக் காக்கும்.

இந்தப் பிள்ளை எழுதியிருந்தது:
"மொட்டைப் புல்லிக்கொண்டு இருப்பதால் புல்லி.
பூ விரிந்ததும் கையை எடுத்துவிடும்.
கத்திரியில் எடுக்காது.
காய் பழுத்தாலும் பிடித்தபடியே இருக்கும்."

வெளி அடுக்கு இல்லை. பச்சை இல்லை.
காக்கும் என்ற சொல்லும் இல்லை.
ஒன்று போட்டேன், சிவப்பு மையில்,
இரக்கம் என்று நினைத்துக்கொண்டு.
கட்டை நூலால் இறுக்கி
முதன்மை மேசைக்கு அனுப்பிவிட்டேன்.

சாப்பாட்டு நேரம்.
என் டப்பாவில் எண்ணெய்க் கத்திரிக்காய்,
நாலாய்க் கீறியது, காம்போடு.
புளியில் கிடந்து, வதங்கிக் கறுத்து,
சதையெல்லாம் குழைந்த பிறகும்
தலையில் அந்த ஐந்து விரல்
விடவில்லை.

இருபத்திரண்டு வருஷம் நடத்தியிருக்கிறேன்.
பச்சைச் சாக்பீஸைத் தேடி எடுத்து
வட்டம் வட்டமாக வரைந்திருக்கிறேன்.
அந்தச் சொல் ஏன் அந்தச் சொல் என்று
ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை,
எனக்குள்ளும்.

தமிழ்த்தாள் அறையிலிருந்து வந்த உலகம்மாள்
விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்:
"புல்லுதல்னா தழுவுறதுதான்ட்டி.
புல்லார்னா பகைவர், கிட்ட வந்து அணைக்காதவங்க.
அகவிதழ் அல்லி, புறவிதழ் புல்லி,
ஒங்க பாடப்புத்தகத்துக்கு முந்தியே
அகராதில கெடக்கு."
கொஞ்சம் யோசித்து,
"ஆனா பசும்புல்லும் புல்லுதான்.
நெறத்தப் பாத்தும் வச்சிருக்கலாம். யாரு கண்டா."

ஞானதிரவியம் சார்
மோர் டம்ளரைக் கீழே வைக்காமலே நுழைந்தார்:
"அற்பம்னும் ஒரு அர்த்தம் உண்டு.
கோவம் வந்தா எங்கப்பா என்னய
புல்லப் பயலேம்பாவ.
பெரிசு உள்ள இருக்கு, சிறுசு வெளிய நிக்கு.
அதனாலகூட இருக்கும்லா."

மூன்று வேர்.
எது பெற்றது என்று
மூன்று பேருக்கும் தெரியவில்லை.
பிள்ளை ஒன்றைப் பிடித்திருந்தது,
சாட்சிக்கு ஒரு காயையும் நிறுத்தியிருந்தது.

"கட்டைத் திறக்கணும் சார்."
"தொறக்கலாம். காரணம் எழுதணும்."
காரணத்துக்கு விட்டிருந்த இடத்தில்
கத்திரி விதை ஒன்று உட்காரலாம், அவ்வளவுதான்.
"வேர் பார்க்க விட்டுப்போனது"
என்று நுணுக்கி எழுதிக் கையெழுத்திட்டேன்.
இரண்டு தடவை வாசித்தார்.
தாவரவியல்தானே என்று முத்திரை குத்தினார்.

ஒன்றை அடித்து இரண்டாக்கினேன்.
அடுத்த பக்கத்தில் அல்லி வட்டம்.
"அல் என்றால் இரவு. இரவில் விரிவதால் அல்லி."
காலையிலேயே சுழி போட்டிருந்தேன்.
பூசணி விடியலில் விரியும்,
நெருஞ்சி வெயிலைப் பார்த்து.
இதழ் எல்லாம் இரவுக்குச் சொந்தமில்லை.
சுழி சரிதான்.

ஆறு மணிக்கு முருகன்குறிச்சி நிறுத்தத்தில்
பிச்சிப்பூ முழம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
எல்லாம் மொட்டு.
அடியில் நூல்நூலாகப் புல்லி.
பஸ் வண்ணாரப்பேட்டை தாண்டி
ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது
முன்சீட்டுக்காரியின் தலையில்
ஒன்று விரிந்தது. பிறகு இன்னொன்று.

மானூர்ப் பக்கமோ சங்கரன்கோவில் பக்கமோ,
இருட்டோடு எழுந்து மொட்டுப் பறித்துப் போட்டுவிட்டுப்
பள்ளிக்கூடம் வரும் பிள்ளையாக இருக்கும்.
பகலில் விரியும் பூவை
நின்று பார்க்க
அதற்கு நேரம் இருந்திருக்காது.